இடப்பக்கக் கதவு

1999 மார்ச் 14

யின்னுக்கு,

இதைப் பிரிக்கும்போது உன் கையில் மாவு ஒட்டியிருக்கும். துடைத்துக்கொண்டு படி. நான் ஜப்பான் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் இடுப்பு வலி எப்படி? குட்டி யாயாவின் இருமல் நின்றதா?

வார்ப்பு உலையில் வேலை. இரும்பைக் காய்ச்சி அச்சில் ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு அச்சை உடைத்து உள்ளே இருப்பதை எடுப்பது எங்கள் பாடு. அறைக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் நம் மாகாணத்துக்காரர்கள், அதில் ஏழு பேர் குறட்டை. மேஸ்திரி கிஷிக்கு முன்பல் ஒன்று தங்கம். எப்போதும் வாயில் பல்குச்சி. அதை வெளியே எடுத்தால் திட்டப் போகிறான் என்று அர்த்தம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எடுக்கிறான்.

போன் அட்டை வாங்கிப் பார்த்தேன். கீழ்க்கடைக்காரி உன்னை மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிட்டு நீ இறங்கி வருவதற்குள் பாதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதியை அவள் பக்கத்தில் நின்று கேட்கிறாள். அதனால் கடிதமே மேல்.

வண்டி எப்படி ஓடுகிறது? உன் தம்பி ஷூனிடம் சொல்லிவை: காலையில் ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றாமல் சாவியைத் திருகக் கூடாது. தள்ளுகதவை அவன் தொடவே கூடாது. ரோலர் தேய்ந்துபோயிருக்கிறது. முதலில் ஒரு விரற்கடை தூக்க வேண்டும், பிறகு இழுக்க வேண்டும். அந்த வித்தை உனக்கும் எனக்கும்தான் தெரியும். அது தெரியாமல் நான் ஒரு நாள் உதைத்த உதைதான் கதவின் கீழே இருக்கும் பள்ளம் என்பதை யாரிடமும் சொல்லாதே.

ஒரு வேடிக்கை. நேற்று சிக்னலில் எதிரே நம் வேன், ஊரில் ரொட்டி வண்டி என்பார்களே, அதே போல் ஒன்று நின்றது. அதே ரொட்டி முகம், அதே வட்ட விளக்கு. இவர்களுடைய பழைய மாடலுக்குத்தானே சீனாவில் நம் ஊர்த் தொழிற்சாலை உரிமம் வாங்கி வண்டி கட்டுகிறது. ஸ்டீயரிங் மட்டும் வலப்பக்கம். சொந்தக்காரனைப் பார்த்தது போல் கையாட்டினேன். ஓட்டிக்கொண்டிருந்த கிழவர் பயந்துவிட்டார்.

என் மாமாவுக்கு மறக்காமல் நன்றி சொல். நான் மூன்று வருடம் ஓடிப்போகாமல் வேலை செய்வேன் என்று அவர் தன் வீட்டுப் பத்திரத்தை ஜாமீன் வைத்திராவிட்டால் ஆள் அனுப்பும் கம்பெனி என்னை விமானத்திலேயே ஏற்றியிருக்காது.

யாயாவின் கன்னத்தை என் பங்குக்கும் கிள்ளு.

லெய் பெங்

*

1999 ஏப்ரல் 9

யாயா அப்பாவுக்கு,

மாவு இல்லை, கோசு நறுக்கிய கை. இருமல் நின்றது. என் இடுப்பு உன் கதவு மாதிரி, தூக்கிப் பிடித்தால்தான் நகர்கிறது. நீ அந்த உலைக்குப் பக்கத்தில் நிற்பவன், நிறையத் தண்ணீர் குடி.

நம் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சந்தை நாளில் லியூஷூ கிராமத்துக்குப் பதினொரு சீட்டில் பதினாறு பேர். போன வாரம் ஒரு அம்மா சாக்கோடு ஏறினாள். சாக்கு துள்ளுகிறது.

"என்னம்மா உள்ள?"

"பேரன்."

"பேரன் ஏன் உறுமறான்?"

"அவன் தாத்தா மாதிரி."

இரண்டு பன்றிக்குட்டிகள். பாதி வழியில் சாக்கு அவிழ்ந்து ஒன்று ஷூனின் காலடிக்குப் போய், அவன் பிரேக்கென்று நினைத்து அதை மிதித்து, அது கத்திய கத்தலில் பதினாறு பேரும் கத்தி, ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தோம். ஷூன் ஒரு பாட்டில் ஆரஞ்சு சோடா குடித்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

நான்தான் கதவோரம் நின்று ஆள் கூப்பிடுகிறேன். "போகுது போகுது லியூஷூ! ஏறினா கிளம்பிடும்!" என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. ஏறிய பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்புகிறோம், அது வேறு விஷயம்.

மாமாவைப் பார்க்கவே முடிவதில்லை. அதை விடு.

யாயா உனக்கு ஒரு வண்டி வரைந்திருக்கிறாள். சக்கரம் ஆறு இருக்கிறது. குறை சொல்லாமல் வைத்துக்கொள்.

தாவ் யின்

*

1999 ஆகஸ்ட் 22

யின்னுக்கு,

ஐந்து மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. வேலை அதிகம். உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

என் முகவரி மாறியிருக்கிறது. கம்பெனி எங்களை வேறு விடுதிக்கு அனுப்பிவிட்டது. அங்கே தபால் ஒழுங்காக வராது. அதனால் நம் ஊர்ப் பக்கத்து ஆள் பாய் என்பவர் நடத்தும் நூடுல்ஸ் கடைக்கு எழுது, உறையின் பின்னால் முகவரி இருக்கிறது. பழைய முகவரிக்கு எழுத வேண்டாம். தொழிற்சாலைக்குப் போனும் செய்ய வேண்டாம், அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

வண்டி எப்படி? மழைக்காலத்தில் கதவுத் தண்டவாளத்தில் சேறு நிற்கும். பழைய பல்துலக்கி ஒன்றை வைத்துத் தேய்.

மாமா எப்படி இருக்கிறார்? அவர் வீட்டுக்கு யாராவது வந்து போனார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

யாயா இந்த மாதம் பள்ளிக்கூடம் போவாள், இல்லையா? நான் வாங்கித் தருவதாகச் சொன்ன பையை நீயே வாங்கிக் கொடுத்துவிடு.

லெய் பெங்

*

1999 செப்டம்பர் 10

யாயா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பேரும் சுகம். பை வாங்கியாயிற்று, சிவப்பு.

மாமா வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

கம்பெனி விடுதிக்கு நூடுல்ஸ் கடை முகவரியா? வேடிக்கையான கம்பெனி. போன கடிதத்தில் நீ உலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. கோடையில் அங்கே வெந்து செத்திருப்பாய் என்று நினைத்தேன். அந்தத் தங்கப்பல் மேஸ்திரி எப்படி இருக்கிறான்? இன்னும் பல்குச்சியோடுதான் திரிகிறானா?

வண்டி ஓடுகிறது. நேற்றுகூட லியூஷூ சந்தைக்குப் பதினேழு பேர். தண்டவாளத்தைத் தேய்த்தேன்.

ராத்திரி தூங்குகிறாயா? அதை மட்டும் உண்மையாக எழுது.

தாவ் யின்

*

1999 அக்டோபர் 3

யின்னுக்கு,

நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். நிலா விழாவுக்கு பாய் கடையில் நிலாப் பலகாரம் செய்தார்கள். உள்ளே பயறு குறைவு, சர்க்கரை அதிகம். நீயும் யாயாவும் என்ன செய்தீர்கள்?

கிஷி மேஸ்திரி அப்படியேதான் இருக்கிறான். நேற்றுகூட பல்குச்சியை எடுத்துவிட்டு என்னைத் திட்டினான். உலையும் அப்படியேதான் எரிகிறது. வேறு என்ன எழுதுவது? தினமும் ஒரே வேலை.

சந்தோஷமான சமாச்சாரம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். நம் வண்டியின் தள்ளுகதவு ரோலர் கிடைத்தது, அதைத் தாங்கும் இரும்புக் கையோடு! அசல். நம் ஊரில் இப்போது விற்பதெல்லாம் ஒரு குளிருக்குத் தாங்காத நகல். இது இன்னும் இருபது வருடம் உழைக்கும். ஊருக்குத் திரும்பும் ஃபாங் என்ற பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் பழையது வந்துவிடும். புதியதைப் பொருத்தி கிரீஸ் தடவச் சொல். இனிமேல் நீ கதவைத் தூக்க வேண்டாம், உன் இடுப்புக்கும் நல்லது.

இங்கே வந்து உனக்காக நான் உருப்படியாகச் செய்த வேலை இது ஒன்றுதான். பொருத்தியதும் எழுது.

லெய் பெங்

*

1999 நவம்பர் 28

யாயா அப்பாவுக்கு,

ஃபாங் வந்தான். பேரிக்காய் கொடுத்தேன், இரண்டு தின்றான். உன்னைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் "அண்ணன் நல்லா இருக்காரு அண்ணி" என்று ஒரே பதில். நாலாவது தடவை கேட்டபோது எழுந்து செருப்பைத் தேடினான்.

ரோலர் பொருந்திவிட்டது. ஒரு விரலால் தள்ளினால் கதவு மூடிக்கொள்கிறது.

பழைய சாமான் சந்தையில் விலையை மஞ்சள் மெழுகுப் பென்சிலால்தான் எழுதுவார்களா?

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. கோசு ஊறவைத்தாயிற்று. அடுப்பை மூட்டினால் யாயா பூனை போல் ஒட்டிக்கொள்கிறாள். உனக்குக் கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்திருக்கிறேன், நீ எங்கே இருக்கிறாயோ அங்கே குளிருமா குளிராதா என்று தெரியாமலே.

தாவ் யின்

*

2000 ஜனவரி 10

யின்னுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எனக்கு லேசான ஜலதோஷம், வேறொன்றும் இல்லை. இங்கேயும் குளிர்தான்.

ரோலரை யார் பொருத்தினார்கள்? ஷூனா, மெக்கானிக்கா? மூன்று போல்ட்டுகளும் சரியாக உட்கார்ந்ததா? எதையாவது வளைக்க வேண்டியிருந்ததா?

ஷூனைப் பற்றி ஏப்ரலுக்குப் பிறகு நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

புத்தாண்டுக்கு ஒரு போட்டோ அனுப்பு. யாயா வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முன்பக்கமும் தெரிய வேண்டும், கதவும் தெரிய வேண்டும். வேறு வண்டி வேண்டாம், நம் வண்டி.

லெய் பெங்

*

2000 பிப்ரவரி 12

யாயா அப்பாவுக்கு,

டிராகன் வருடம் உனக்கு நல்லது செய்யட்டும். ஜலதோஷத்துக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி.

கேட்ட போட்டோ இதோடு இருக்கிறது. யாயாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, அதனால்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். பள்ளம் தெரிகிறதா? நீ உதைத்ததுதான். ஷூனைப் பற்றிக் கவலைப்படாதே, அவன் சின்னக் குழந்தை இல்லை. போல்ட்டெல்லாம் சரியாக உட்கார்ந்தது.

புத்தாண்டுக்குக் கொழுக்கட்டை பிடித்தோம். உன் தட்டையும் வைத்தேன். யாயா அதையும் தின்றுவிட்டாள்.

தாவ் யின்

*

2000 மார்ச் 1

தாவ் யின்,

சுகம் விசாரித்து எழுத எனக்கு இன்று மனமில்லை.

டிசம்பரில் இங்கே நம் மாதிரி வண்டி ஒன்றின் பக்கவாட்டில் நின்றேன். கதவைத் திறக்கக் கையை நீட்டினேன், அங்கே கதவு இல்லை. சுற்றிப் போனேன். கதவு இடப்பக்கம் இருந்தது. நம் ஊரில் வண்டி சாலையின் வலப்பக்கம் போகிறது, ஆள் ஏறும் கதவும் வலப்பக்கம். இங்கே எல்லாமே இடப்பக்கம். நம்மவர்கள் உரிமம் வாங்கிக் கட்டியபோது கதவைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நானோ குவியலில் கிடந்த கதவிலிருந்து ரோலரைக் கழற்றியவன், அந்தக் கதவு எந்தப் பக்கத்துக் கதவு என்று பார்க்கவில்லை. நான் அனுப்பியதன் கை எதிர்த்திசையில் வளைந்திருக்கும். சம்மட்டியால் அடித்தாலும் நம் வண்டியில் ஏறாது. பதினான்கு கதவு கழற்றியவன் சொல்கிறேன்.

ஆனால் உனக்கு அது பொருந்திவிட்டது! ஒரு விரலால் மூடுகிறாய்!

சரி, வண்டியே இல்லையோ, விற்றுவிட்டு மறைக்கிறாளோ என்று நினைத்துத்தான் போட்டோ கேட்டேன். வண்டி இருக்கிறது. பள்ளமும் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தேநீர் பாட்டில். உன் தம்பி சோடாவைத் தவிர எதையும் குடிக்க மாட்டான். யாருடைய பாட்டில் அது? வேறொருவன் அந்த சீட்டில் உட்கார்ந்து என் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறான். சரி, டிரைவர் வைத்திருக்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பாட்டிலுக்கு நூலில் பின்னிய உறை போட்டிருக்கிறது. சிவப்பும் பச்சையும். விளிம்பில் அலை. யாயாவின் தொப்பியில் இருக்கும் அதே அலை. அந்தப் பின்னல் யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா?

எனக்குப் பின்னுவதாகச் சொன்ன சட்டை இன்னும் வரவில்லை. அவன் பாட்டிலுக்கு முதலில் குளிர்ந்துவிட்டதாக்கும்.

யார் அவன்? பெயரை மட்டும் எழுது. மற்றதை நான் புரிந்துகொள்கிறேன்.

லெய் பெங்

*

2000 ஏப்ரல் 2

தாவ் யின்,

பதில் இல்லை. பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

யாயா யாரை அப்பா என்று கூப்பிடுகிறாள்?

லெய் பெங்

*

2000 ஏப்ரல் 20

லெய் பெங்,

உன் இரண்டாவது கடிதத்தின் கடைசி வரிக்காக நீ என் முன்னால் இருந்திருந்தால் கோசு ஜாடியைத் தூக்கி எறிந்திருப்பேன். இத்தனை நாள் ஆகியும் கோபம் ஆறவில்லை, ஆறாமலே எழுதுகிறேன். நீயும் ஆறாமலே படி.

அவன் பெயர் கோங். வயது ஐம்பத்தெட்டு. காலில் வாதம், வாயில் எப்போதும் வசவு. அந்த வண்டி அவருடையது.

போன வருடம் ஜூலை 26ஆம் தேதி ஆள் அனுப்பும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் யாயாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்டுக்காரரு எங்க அக்கா?"

"ஜப்பான்ல. நீங்கதானே அனுப்பினீங்க."

"நாங்க அனுப்பின இடத்துல அவரு இல்லையே. பதினோராம் தேதி ராத்திரி சுவரேறிக் குதிச்சுட்டாரு."

நான் சிரித்தேன். வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்றேன். அவர்கள் காகிதத்தை நீட்டினார்கள். அதில் உன் போட்டோ.

ஆகஸ்ட்டில் உன் கடிதம் வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். விடுதி மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய். சரி, அடுத்த கடிதத்தில் சொல்வான் என்று நினைத்தேன். வேண்டுமென்றேதான் தங்கப்பல்லைப் பற்றிக் கேட்டேன். நேற்றுகூடத் திட்டினான் என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். ஓடிப்போனதற்கு அழவில்லை. பல்குச்சியைக்கூட மறக்காமல் அவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாயே என்றுதான் அழுதேன்.

இப்போது வண்டிக் கதை. உன் மாமா வீட்டுப் பத்திரத்தை ஜாமீன் வைக்கவே இல்லை. நீ கிளம்புவதற்கு முதல் நாள் நான் வாங்கப் போனேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "அவன் ஓடிப்போனா நான் எங்கம்மா படுக்கறது? உன் வீட்டுலயா?" என்று கேட்டார். நான் அவர் வாசலில் நின்று, தெருவே கேட்க, என் வீட்டுக்காரன் ஓடுற ஆள் இல்லை என்று சண்டை போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கம்பெனியில் வைத்துவிட்டு, உன்னிடம் மாமா வைத்துவிட்டார் என்று சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ போகமாட்டாய். போக வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டாய்.

அந்த இரண்டு பேரும் அன்றைக்கே வண்டியை எடுத்துப் போனார்கள். ஷூன் அவர்களில் ஒருவனை அடித்துவிட்டான். அதன் பிறகு இங்கே இருக்கப் பிடிக்காமல் ஷென்யாங்கில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஒரு வாரம் கழித்து வண்டி பஸ் நிலையத்தில் நின்றது. கோங் வாங்கியிருந்தார். வெளியே பன்னிரண்டு பேர் மூட்டையோடு நிற்கிறார்கள், கதவு திறக்கவில்லை. அவர் இழுக்கிறார், உலுக்குகிறார், கதவின் அம்மாவை எல்லாம் திட்டுகிறார். நான் போய் ஒரு விரற்கடை தூக்கி இழுத்தேன். திறந்தது.

"எப்படித் திறந்தே?"

"இது என் வண்டி."

"இப்ப என் வண்டி."

"சரி, அப்ப நீயே திற" என்று சொல்லி மூடிவிட்டு நகர்ந்து நின்றேன்.

அவரால் முடியவில்லை. மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஏறு தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து அந்தக் கதவோரம் நிற்கிறேன். முன்பு நின்ற அதே இடம், கத்துவதும் அதே கத்தல். என் கடிதங்களை எடுத்துப் பார். ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஒன்றிலாவது நம் வண்டி என்று எழுதியிருக்கிறேனா? வண்டி ஓடுகிறது என்றுதான் எழுதினேன். ஓடத்தான் செய்கிறது.

உன் ரோலரை அவரிடம்தான் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அந்தப் பக்கத்துச் சாமான். இதோ பார், மஞ்சள் பென்சில்ல நம்பர் போட்டிருக்கான். இது சந்தைல வாங்கினது இல்ல தங்கச்சி, காயலான் கடைல கழட்டினது" என்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நீ உயிரோடு இருக்கிறாய், ஒரு காயலான் கடையில் இரும்போடு இரும்பாகப் புரள்கிறாய், அங்கேயும் நம் வண்டியின் கதவைப் பார்த்ததும் என் இடுப்பு ஞாபகம் வந்திருக்கிறது. அதைத்தான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்று எழுதியிருந்தாய். அதற்குப் போய், பொருந்தவில்லை என்று நான் எப்படி எழுதுவேன்? கடிதத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். நீ சொன்னதை நீயே எண்ணிக்கொள்.

கோங் நாளைக்கே ஒரு நகல் ரோலரை வாங்கி மாட்டலாம். மாட்டினால் கதவு யாருக்கும் திறக்கும், பிறகு நான் எதற்கு? அந்த பயத்தில்தான் அவருக்கு பாட்டில் உறை பின்னினேன். கையுறையும் பின்னிக் கொடுத்தேன், அது போட்டோவில் தெரியவில்லை. அதையும் சேர்த்துக்கொள்.

வண்டி போய்விட்டது என்று ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். ஓடிப்போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. நம் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவனுக்கு அங்கேயே வேறு குடும்பம். நீ அந்த வண்டிக்குக் காட்டிய அக்கறையை நான் அறிவேன். வண்டி காத்திருக்கிறது என்றால் வருவாய் என்று நினைத்தேன். எனக்காகவும் யாயாவுக்காகவும் மட்டும் வருவாயா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

நீ மட்டும்தான் கேள்வி கேட்பாயா? எனக்கும் ஒன்று இருக்கிறது. சுவரேறிக் குதித்தபோது யாருடைய வீடு போகும் என்று நினைத்துக் குதித்தாய்? சும்மாதான் கேட்கிறேன் என்று ஆகஸ்ட்டில் எழுதினாயே, அது சும்மாவா?

யாயா இன்னும் உன்னைத்தான் அப்பா என்கிறாள். ரோலரை அவளிடம் கொடுத்துவிட்டேன். தரையில் உருட்டி விளையாடுகிறாள்.

சட்டை முடிந்துவிட்டது. நான்தான் அனுப்பவில்லை.

தாவ் யின்

*

2000 ஜூன் 4

யின்,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. ஏழு தடவை எழுதிக் கிழித்தேன், ஏழிலும் கிஷியைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அவன் என்னைக் கன்னத்தில் அறைந்தது, எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் உண்மை. ஆனால் நீ கேட்டது அதை இல்லை.

ஆமாம். மாமா வீடுதானே போகும் என்று நினைத்துத்தான் குதித்தேன். சுவரின் மேல் உட்கார்ந்திருந்தபோது அவர் முகம் ஞாபகம் வந்தது. பெரிய மனிதர், எப்படியாவது சமாளித்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டில் ஒரு கிழவரும் கிழவியும் படுத்திருப்பார்கள் என்று தெரிந்தும் குதித்தேன். மாமா என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். நீதான் தப்பாகப் போட்டுவிட்டாய், அதற்காக இன்னும் அந்தக் கதவோரம் நிற்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது, யின். பாட்டில் உறையைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிறேன். பெயரைச் சொல்லி, ஓடிவந்தவன் என்று சொன்னால் சில வாரம் வைத்திருந்து அனுப்பிவிடுவார்களாம். அதன் பிறகு இந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள். விட வேண்டாம்.

காயலான் கடையில் கடைசியாக ஒரு காரியம் செய்தேன். நம் மாதிரி வண்டி எத்தனை கிடக்கிறதோ அத்தனையையும் சுற்றிப் பார்த்தேன், வலப்பக்கக் கதவு உள்ளது ஒன்றாவது கிடைக்குமா என்று. இல்லை. கிடைத்தாலும் கோங்கிடம் கொடுத்திருக்க மாட்டேன். வெறுங்கையோடு வருகிறேன். வண்டிக்காக வரவில்லை, அதை நீ நம்ப வேண்டியதில்லை, வந்து நின்ற பிறகு பார்த்துக்கொள்.

லியூஷூ திருப்பத்து நிறுத்தத்தில் நிற்பேன். கோங்கிடம் நான் யார் என்று சொல்லாதே. மற்றவர்களைப் போல் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிறேன். கதவில் கை வைக்க மாட்டேன், நீ திற. திறக்காமல் போனாலும் அடுத்த நாள் வந்து நிற்பேன்.

லெய் பெங்

*

2000 ஜூன் 19

யாயா அப்பாவுக்கு,

இது உன் கையில் கிடைக்குமோ கிடைக்காதோ தெரியவில்லை. பாய் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தால் சரி. உன்னைப் பிடித்துவைத்திருக்கும் இடத்தில் சாப்பாடு போடுகிறார்களா? கூசாமல் கேட்டு வாங்கித் தின்னு.

சட்டையை அனுப்பவில்லை. வந்து போட்டுக்கொள்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஒன்றரை வருடமாக எல்லாமே இடப்பக்கம் என்று பழகிவிட்டாய். திருப்பத்தில் சாலையின் வலப்பக்கம் நில். நம் ஊரில் கதவு அந்தப் பக்கம்தான்.

தாவ் யின்